நல்ல பெயரை விலைக்கு வாங்கலாமா?

(சிறு வணிகமும் இணைய இணைப்பும் பற்றி ஒரு பாடம்)

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

‘பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்’ என்பது நம் பெரியோர் வாக்கு. ஒருவர் யாரோடு சேர்ந்திருக்கிறார் என்பதைக் கொண்டே உலகம் அவரை மதிப்பிடுகிறது. இந்த உண்மை மனிதருக்கு மட்டுமன்று, நம் கைபேசிக்குள் விரியும் இணைய உலகத்துக்கும் பொருந்தும் என்றால் தோழியர் சிலர் வியப்படையலாம். சென்ற ஆண்டு வரை நானும் அதை அறியாதவள்தான். அறிந்துகொண்டபோது என் சித்தியின் எட்டாயிரம் ரூபாய் கைவிட்டுப் போயிருந்தது. தையல், ஊறுகாய், மசாலாப் பொடி, பூமாலை என்று வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் செய்யும் தாய்மார் நம்மில் பலருக்கு உண்டு. நான் கற்ற பாடம் அவர்களுக்குப் பயன்படட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தியின் கடை

என் சித்தி மதுரையில் தம் வீட்டின் முன்னறையில் சுங்குடிச் சேலை விற்கிறார்கள். சுங்குடி என்பது மதுரையின் சொத்து. சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை. பருத்தித் துணியைச் சிறு சிறு புள்ளியாக விரலால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! 2005ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை பெருமை இருந்தும், புள்ளிகளை அச்சிட்ட மலிவுச் சேலைகளுக்கு நடுவே கையால் முடிச்சிட்ட சேலையை விற்பது எளிதன்று. ஆகவே கோடை விடுமுறையில் நான் சித்தியின் கடைக்கு ஒரு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தேன். சேலைகளின் படங்கள், விலை, தொலைபேசி எண் எல்லாம் போட்டேன். ஆனால் தேடிப் பார்த்தால் எங்கள் தளம் ஐந்தாம் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் பக்கம் வரை புரட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆடி மாதத்தில் ஒருநாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, உங்கள் தளத்துக்கு ஐயாயிரம் இணைப்புகள் போட்டுத் தருகிறோம். எட்டாயிரம் ரூபாய்தான். தீபாவளிக்குள் முதல் பக்கத்தில் வந்துவிடும்” என்றார். சித்தி என் பக்கம் திரும்பி, “நீதானே கண்ணு கம்ப்யூட்டர் படிக்கிறே? கொடுக்கலாமா?” என்று கேட்டார்கள். இணைப்பு என்றால் என்னவென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். “கொடுங்கள் சித்தி” என்று சொல்லிவிட்டேன். மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கிய கடனிலிருந்து சித்தி அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள்.

முதல் மூன்று வாரம் மகிழ்ச்சி! தளம் இரண்டாம் பக்கத்துக்கு ஏறியது. பிறகு, தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, முதல் பத்துப் பக்கங்களிலும் எங்கள் கடையைக் காணவில்லை. தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் நடத்தும் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசப் பகுதியைத் திறந்தேன். உங்கள் தளத்துக்கு இயற்கைக்கு மாறான இணைப்புகள் வருகின்றன, ஆதலால் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற பொருள்படும் அறிவிப்பு அங்கே இருந்தது. எட்டாயிரம் வாங்கியவருக்குத் தொலைபேசி செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இணைப்பு என்பது என்ன?

மறுநாளே எங்கள் கணிப்பொறி ஆசிரியையான சிஸ்டரிடம் ஓடினேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “முதலில் இணைப்பு என்றால் என்னவென்று படி. பிறகு அழலாம்” என்றார்கள்.

1989ஆம் ஆண்டில் ஜெனீவா நகரருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்குத் தாவிச் செல்லும் வலை ஒன்றைத் திட்டமிட்டார். 1991இல் அது வெளியுலகுக்கு வந்தது. 1993இல் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. ஒரு பக்கத்திலுள்ள சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கிறதல்லவா? அந்தத் தொடர்புதான் இணைப்பு. பேச்சு வழக்கில் ‘லிங்க்’ என்கிறோம்.

பக்கங்கள் பெருகியபோது தேடித் தரும் பொறிகள் தேவைப்பட்டன. தொடக்க காலத் தேடுபொறிகள் பலவும் ஒரு பக்கத்தில் உள்ள சொற்களையே பெரிதும் நம்பின. ‘சேலை, சேலை’ என்று நூறு முறை எழுதி வைத்தவர் முன்னால் வந்துவிடலாம். தன்னைத்தானே புகழ்ந்துகொள்பவருக்கு முதல் பரிசு கொடுப்பதைப் போன்றது அது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் வேறு வழியை நினைத்தார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிற அறிஞர்கள் எத்தனை பேர் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் வழக்கம் கல்வி உலகில் முன்பே இருந்தது. யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1964இலேயே அதற்கென அறிவியல் மேற்கோள் அட்டவணை ஒன்றை வெளியிட்டிருந்தார். அதுபோலவே, ஒரு வலைப்பக்கத்துக்குப் பிற பக்கங்கள் கொடுக்கும் இணைப்பை ஒரு நற்சான்றாகக் கொண்டால் என்ன என்று இவ்விருவரும் எண்ணினர். அந்த முறைக்குப் ‘பேஜ்ரேங்க்’ என்று பெயர். 1998இல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே கூகுள்.

கரும்பலகைக் கணக்கு

நற்சான்றை எப்படிக் கணக்கிடுவது? சிஸ்டர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். தோழியர் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

உலகில் மல்லி, முல்லை, ரோஜா என்ற மூன்றே பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். மல்லி, முல்லைக்கும் ரோஜாவுக்கும் இணைப்புக் கொடுக்கிறது. முல்லை, ரோஜாவுக்கு மட்டும் கொடுக்கிறது. ரோஜா, மல்லிக்கு மட்டும் கொடுக்கிறது. மொத்த மதிப்பு 100. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தான் இணைப்புக் கொடுத்த பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். எல்லோருக்கும் சமமாக வைத்துத் தொடங்கித் திரும்பத் திரும்பப் பங்கிட்டுக்கொண்டே போனால், இறுதியில் மல்லி 40, முல்லை 20, ரோஜா 40 என்று நிலைத்துவிடும்.

சரிபார்ப்போம். மல்லியின் 40 இரண்டாகப் பிரிகிறது. முல்லைக்கு 20, ரோஜாவுக்கு 20. முல்லையின் 20 முழுவதும் ரோஜாவுக்குப் போகிறது. ஆகவே ரோஜாவுக்கு 20 + 20 = 40. ரோஜாவின் 40 முழுவதும் மல்லிக்குப் போகிறது. ஆகவே மல்லிக்கு 40. கணக்கு நேராகிறது.

இதில் ஓர் அழகிய உண்மை உள்ளது. மல்லிக்கும் ஒரே ஓர் இணைப்பு, முல்லைக்கும் ஒரே ஓர் இணைப்பு. ஆனால் மல்லியின் மதிப்பு முல்லையைப் போல இருமடங்கு! காரணம் என்ன? பலருடைய மதிப்பைப் பெற்ற ரோஜா, மல்லி ஒன்றைத்தான் சுட்டிக்காட்டுகிறது. முல்லைக்குச் சான்று கொடுத்த மல்லியோ தன் சான்றை இருவருக்குப் பங்கிட்டுவிட்டது. ஆகவே எத்தனை பேர் சொன்னார்கள் என்பது மட்டுமன்று, யார் சொன்னார்கள், அவர் எத்தனை பேருக்கு அதே சான்றைக் கொடுத்தார் என்பதும் முக்கியம். கண்ணில் பட்டவர்க்கெல்லாம் சான்று எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்துக்கு ஏது மதிப்பு?

உண்மையான கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. இணைப்பைத் தொட்டுத் தொட்டுச் செல்லும் ஒரு வாசகர் சில வேளைகளில் சலித்துப்போய் வேறு எங்கோ புதிதாகத் தொடங்குவார் அல்லவா? அதற்காக 0.85 என்ற எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இன்றைய கூகுள் இணைப்பைத் தவிர வேறு பல குறிகளையும் பார்க்கிறது. என்றாலும், பிறர் தரும் நற்சான்று என்ற அடிப்படை மறையவில்லை.

போலிச் சான்றின் கதை

நற்சான்றுக்கு விலை உண்டு என்று தெரிந்தவுடன் அதை விற்கச் சிலர் கிளம்பினார்கள். படிப்பதற்காக அன்றி, இணைப்பு விற்பதற்காகவே ஆயிரக்கணக்கான வெற்றுத் தளங்களை உண்டாக்கினார்கள். இவற்றை ‘இணைப்புப் பண்ணை’ என்று அழைக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்னும் பெரிய கடை, சேலைக்கும் சோபாவுக்கும் சம்பந்தமில்லாத எத்தனையோ தளங்களில் பணத்துக்கு வைக்கப்பட்ட இணைப்புகளால் பல பொருள்களுக்குத் தேடலில் முதலிடம் பெற்றிருந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. முதலிடத்தில் இருந்த பொருள் சில மணி நேரத்தில் எழுபதுக்கும் அப்பால் போனது. இது தனக்குத் தெரியாமல் நடந்தது என்று கூறிய அந்தக் கடை, தான் அமர்த்தியிருந்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது. இதைப் படித்தபோது, கடல்கடந்த பெருங்கடைக்கும் என் சித்தியின் முன்னறைக் கடைக்கும் ஒரே கதைதானா என்று நினைத்துக்கொண்டேன்.

2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற பெயரில் போலி இணைப்புகளைக் கண்டுபிடிக்கும் முறையைக் கூகுள் கொண்டுவந்தது. 2016 முதல் அது தேடலின் நிலையான பகுதியாயிற்று. 2022 டிசம்பரிலிருந்து ‘ஸ்பாம்பிரெயின்’ என்னும் செயற்கை அறிவு முறையும் இந்த வேலைக்குப் பயன்படுகிறது. விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் கண்டறிந்து, அவற்றின் பலனை அது பூஜ்யமாக்கிவிடுகிறது. அதாவது, தண்டனை வராவிட்டாலும் கொடுத்த பணம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

அப்படியானால் விளம்பரமே குற்றமா? இல்லை. பணம் கொடுத்துப் பெற்ற இணைப்பு என்றால், ‘இது விளம்பரம்’ என்று இயந்திரத்துக்குப் புரியும் குறியை அதில் சேர்க்க வேண்டும். 2005இல் ‘நோஃபாலோ’ என்ற குறியும், 2019இல் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியும் வந்தன. குறி சேர்த்த விளம்பரம் நேர்மையானது. விளம்பரத்தை நற்சான்று போல வேடமிட்டுக் காட்டுவதே பிழை.

நாங்கள் செய்த பரிகாரம்

சிஸ்டரின் யோசனைப்படி முதலில் எங்களுக்கு வந்திருந்த இணைப்புகளின் பட்டியலைச் சர்ச் கன்சோலில் எடுத்தோம். சூதாட்டத் தளங்கள், மருந்து விற்கும் தளங்கள், எங்களுக்குப் புரியாத மொழிகளில் உள்ள தளங்கள்! எல்லாவற்றிலும் ‘மதுரை சுங்குடி சேலை விலை’ என்ற அதே நான்கு சொற்கள். ஐயாயிரம் பேர் ஒரே வாரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னால், மனிதரே நம்பமாட்டார். இயந்திரம் எப்படி நம்பும்?

அறுபது தளங்களுக்கு இணைப்பை நீக்கும்படி கடிதம் எழுதினோம். நான்கு பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர், நீக்குவதற்குப் பணம் கேட்டார்! மற்றவற்றை, ‘இந்த இணைப்புகள் எங்களுக்கு வேண்டாம்’ என்று கூகுளுக்குத் தெரிவிக்கும் பட்டியலில் சேர்த்தோம். 2012இலிருந்து இந்த வசதி உள்ளது. நடந்ததை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டது. மேலும் பல தளங்களைப் பட்டியலில் சேர்த்து இரண்டாவது விண்ணப்பம் அனுப்பினோம். பிப்ரவரி மாதத்தில் தடை நீங்கியது. ஆனால் தீபாவளியும் பொங்கலும் போய்விட்டன. கட்டு அவிழாத சேலைகள் சித்தியின் அலமாரியில் அப்படியே இருந்தன.

எனக்கு அந்த அலமாரியைப் பார்க்கவே மனம் கூசியது. ஒருநாள் சித்தியிடம், “எல்லாம் என்னால்தான்” என்று அழுதேன். “உன் மேல என்ன தப்பு கண்ணு? தெரியாத ஒண்ணைத் தெரியும்னு நினைச்சோம், ரெண்டு பேரும். இனிமே தெரிஞ்சதைச் செய்வோம்” என்றார்கள்.

தெரிந்தது எது? சித்திக்குச் சுங்குடி தெரியும். சித்திக்கு முடிச்சுப் போட்டுத் தரும் பாட்டியின் வீட்டில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். துணியை மடிப்பது, புள்ளி குறிப்பது, நகத்தால் கிள்ளுவது, நூல் சுற்றுவது என ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். கையால் முடிச்சிட்ட சேலையை அச்சுச் சேலையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று தனியாக ஒரு பக்கம் எழுதினோம். அச்சுப் புள்ளிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். கைப்புள்ளிகள் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடும், முடிச்சிருந்த இடத்தில் துணி மெல்லச் சுருங்கியிருக்கும்.

இந்தப் பக்கங்களுக்கு யாரும் பணம் கேட்கவில்லை. ஒரு கல்லூரியின் ஆடை வடிவமைப்புத் துறை, மாணவியர் படிப்பதற்காகத் தன் தளத்திலிருந்து எங்களுக்கு இணைப்புக் கொடுத்தது. சித்தி கலந்துகொண்ட மகளிர் கண்காட்சியின் தளம் கொடுத்தது. சித்திக்குத் துணி தரும் வியாபாரி கொடுத்தார். ஜூன் மாதம் வரை ஏழே ஏழு இணைப்புகள். ஐயாயிரம் செய்யாததை அந்த ஏழு செய்தன. எங்கள் தளம் இப்போது முதல் இரண்டு பக்கங்களுக்குள் வருகிறது. வாரத்துக்கு மூன்று, நான்கு சேலைகள் வெளியூர் போகின்றன. குழுக் கடனில் இரண்டு தவணை இன்னும் பாக்கி.

தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்

1. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

2. கூகுள் வரைபடத்தில் கடையை இலவசமாகப் பதிவு செய்யலாம். தேடுபவர் கேட்டதற்குப் பொருத்தம், அவரிடமிருந்து உள்ள தூரம், கடையின் புகழ் ஆகிய மூன்றையும் பார்த்தே வரைபடத்தில் கடைகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஆகவே பக்கத்துத் தெரு வாடிக்கையாளரிடம் சிறிய கடையும் பெரிய கடையோடு போட்டியிட முடியும்.

3. உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களிடம் இணைப்புக் கேளுங்கள். பொருள் தருபவர், சங்கம், கண்காட்சி, நீங்கள் பயிற்சி பெற்ற நிலையம் முதலியோர் மெய்யான சாட்சிகள்.

4. வாடிக்கையாளர் கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குத் தளத்தில் பதில் எழுதுங்கள். சாயம் போகுமா, எப்படித் துவைப்பது என்பவையே மக்கள் தேடும் விஷயங்கள்.

5. ‘முதலிடம் நிச்சயம்’ என்று உறுதி கூறுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்த உறுதியை யாராலும் கொடுக்க முடியாது.

6. பொய்யான பாராட்டுரைகளை எழுதச் சொல்லாதீர்கள். இணையப் பாராட்டுரைகளுக்கென 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டுள்ளது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை போகலாம்.

முடிவுரை

இதுகாறும் இணைய இணைப்பின் பிறப்பையும், அதன் கணக்கையும், போலி இணைப்பின் கேட்டையும் கண்டோம். இணைப்பு என்பது ஒருவர் மற்றொருவரைச் சுட்டி, ‘இவரை நம்பலாம்’ என்று சொல்லும் சொல். அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருப்பதே, அது மனமுவந்து சொல்லப்படுவதால்தான். விலை கொடுத்து வரவழைத்தால் அது வெறும் சத்தம்.

சுங்குடிச் சேலையின் முடிச்சுகளை ஒரே நாளில் போட்டுவிட முடியாது. ஒவ்வொன்றாகத்தான் கட்ட வேண்டும். நல்ல பெயரும் அப்படித்தான் என்று அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டேன். இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். தோழியரே, வீட்டில் பெரியவர்கள் கைபேசியை நீட்டி, “நீ படிக்கிற பிள்ளைதானே, இது சரியா?” என்று கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்த இரண்டு சொற்களைச் சென்ற ஆடியில் நான் சொல்லியிருந்தால், சித்தியின் கடன் எப்போதோ தீர்ந்திருக்கும்.